ஊட்டச்சத்து ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: கேட்டவையும் பதில்களும்

வெள்ளவத்தை: அக்கா, யூடியூபில் உணவு பற்றிக் கதைக்கும் ஒரு ஆய்வாளர் தன்னுடைய எச் சுட்டி 30 என்கிறார். நம்பலாமா?

ஒருவருடைய கட்டுரைகளை மற்ற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக்காட்டினார்கள், அதாவது மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் எண்தான் எச் சுட்டி. அதை 2005இல் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளைக் கூடுதல் மேற்கோள் பெற்றதிலிருந்து அடுக்குங்கள். 40, 22, 9, 5, 4, 1 என்று வந்தால் நாலாவதுக்கு 5 இருக்கிறது, ஐந்தாவதுக்கு 4தான். குறைந்தது நாலு மேற்கோள் பெற்ற கட்டுரைகள் நாலு உண்டு, ஐந்து பெற்றவை ஐந்து இல்லை. ஆகவே சுட்டி 4. உங்கள் ஆளுக்கு முப்பது கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது முப்பது மேற்கோள். தன் பழைய கட்டுரையைத் தானே காட்டியதும் அதில் சேரும். அந்த முப்பதும் அவர் வீடியோவில் கதைக்கும் உணவைப் பற்றியவையா? பட்டியலைத் திறந்து தலைப்புகளை வாசியுங்கள். ஒவ்வொன்றும் பின்வாங்கப்பட்டதா, அதாவது பிழை கண்டு சஞ்சிகை அதை இனி ஏற்க வேண்டாம் என்று அறிவித்ததா என்றும் பாருங்கள்.

தெஹிவளை: பின்வாங்குவதெல்லாம் சின்ன ஆட்களுக்குத்தானே நடக்கும், மிஸ்?

இல்லை. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பிரையன் வான்சிங்கை எடுங்கள். உணவு நடத்தை ஆய்வில் உலகப் புகழ், ஏராளமான மேற்கோள்கள். பரிமாறும் பாத்திரம் பெரிதானால் கூடுதலாகச் சாப்பிடுவோம் என்ற அவருடைய முடிவு எத்தனையோ ஆலோசனைக் கையேடுகளுக்குப் போனது. 2018 செப்டெம்பரில் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகைகள் ஒரே நாளில் அவருடைய ஆறு கட்டுரைகளைப் பின்வாங்கின, அந்தப் பாத்திரக் கட்டுரையும் அதில் ஒன்று. அவர் ஆய்வு நெறி மீறினார் என்று பல்கலைக்கழகமே முடிவு செய்தது. கட்டுரை போனாலும் அது பெற்ற மேற்கோள்கள் கணக்கில் அப்படியே நிற்கும். என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

எல்லாப் பின்வாங்கலும் மோசடி என்று எடுக்கக் கூடாது. மத்தியதரைக்கடல் உணவுமுறை பற்றிய பிரெடிமெட் ஆய்வு 2013இல் வந்தது. சில வீடுகளில் எல்லோரையும் ஒரே குழுவில் போட்டிருந்தார்கள், ஓரிடத்தில் ஆட்களைக் கிளினிக் கிளினிக்காகப் பிரித்திருந்தார்கள். சீட்டுக் குலுக்கியதுபோல் பிரிக்க வேண்டிய இடத்தில் நடந்த பிழை. 2018இல் அதைப் பின்வாங்கி, திருத்திய கணக்குடன் மறுபடி வெளியிட்டார்கள். பெரும் முடிவு ஏறக்குறைய அதேதான், சொன்ன விதம்தான் நிதானமானது. நேர்மையான திருத்தம் இப்படித்தான் இருக்கும். நீங்கள் எடுத்துக்காட்டுவதானால் 2018 பதிப்பைக் காட்டுங்கள்.

பம்பலப்பிட்டி: மேற்கோள்களை எண்ணும் தளங்களில், கூகிள் ஸ்கொலரில் எண் கூடுதலாக வருகிறது, ஸ்கோபஸில் குறைவாக வருகிறது. எது சரி?

இரண்டும். கூகிள் ஆய்வேடு, மாநாட்டுத் தொகுப்பு எல்லாவற்றையும் எண்ணும், ஸ்கோபஸ் தான் தெரிந்தெடுத்த சஞ்சிகைகளைத்தான் எண்ணும். இரண்டு பேரை ஒப்பிடுவதானால் ஒரே இடத்தில் பாருங்கள்.

மட்டக்குளி: என் கட்டுரைகள் இரண்டு ஆட்களின் பெயரில் பிரிந்து கிடக்கின்றன.

அப்பாவின் பெயர் ஒரு சஞ்சிகையில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் குடும்பப் பெயராகவும் போயிருக்கும். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தத் தொல்லை. ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனியாக அடையாளம் காட்டும் ஓர்கிட் எண் எடுங்கள், இலவசம், 16 இலக்கம். பெயரை இன்றைக்கே ஒரு வடிவத்தில் நிலைநிறுத்துங்கள்.

கொட்டாஞ்சேனை: எச் சுட்டி எத்தனை இருந்தால் நல்லது?

வெள்ளவத்தைக்கு எழுதியதை வாசியுங்கள்.

நுகேகொடை: மிஸ், உள்ளூர் சஞ்சிகையில் போட்டால் யார் மேற்கோள் காட்டுவது? வெளிநாட்டில் போட்டால்தான் ஆராய்ச்சி என்பேன்.

இதற்கு உடன்பட மாட்டேன். சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது. அயடீன் சேர்த்த உப்பு இங்கே 1995இல் சட்டமானது. அயடீன் குறைவால் கழுத்தில் வரும் கழலை குறைகிறதா, பிள்ளைகளின் சிறுநீரில் அயடீன் போதுமா என்று பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் பார்த்த வேலையை பொஸ்டனில் ஒருவர் மேற்கோள் காட்டாமல் விடலாம். ஆனால் உப்பில் எவ்வளவு சேர்ப்பது என்று தீர்மானிப்பவருக்கு அதுதான் வேண்டும்.

நுகேகொடை: உணர்ச்சிக்குச் சரி. பதவி உயர்வுக் குழு எண்ணைத்தானே கேட்கிறது?

கேட்கிறது, அதுதான் பிழை. சஞ்சிகையின் தாக்கக் காரணி, முந்திய இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் இந்த ஆண்டில் பெற்ற மேற்கோள்களின் சராசரி. உங்கள் கட்டுரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இப்படி அளக்க வேண்டாம் என்று சான் பிரான்சிஸ்கோவில் 2012இலேயே பிரகடனம் எழுதினார்கள். நூறு பேருக்கு மேல் பெயர் போட்ட உலக நோய்ச்சுமைக் கட்டுரையில் நீங்களும் ஒருவரானால் சுட்டி கிடுகிடுவென்று ஏறும். மன்னாரில் தாய்மாரின் இரத்தச்சோகையைத் தனியாக அளந்தவருக்கு ஏறாது. யாருடைய வேலை கனமானது?

கொள்ளுப்பிட்டி: நான் நுகேகொடையின் பக்கம். கட்டுரையை வெளியிட முன் மற்ற ஆய்வாளர்கள் சரிபார்க்கும் மீள்பரிசீலனை உள்ளூரில் தளர்வு.

சில இடங்களில் தளர்வுதான், மறுக்கவில்லை. ஆனால் வெளிநாடு என்ற பெயர் கடுமைக்குச் சாட்சியில்லை. "மதிப்புக்குரிய பேராசிரியரே, மூன்று நாளில் வெளியிடுகிறோம்" என்று மின்னஞ்சல் அனுப்பிக் காசு கேட்கும் கூட்டமும் வெளிநாட்டுச் சஞ்சிகை என்றுதான் சொல்கிறது. அதற்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

வத்தளை: 300 டொலர் கேட்டு ஒரு சஞ்சிகை எழுதியிருக்கிறது, அனுப்பவா?

நீங்கள் கேட்காமல் அது எழுதியிருந்தால் வேண்டாம். மேலே கொள்ளுப்பிட்டிக்குச் சொன்னதுதான்.

கல்கிசை: அம்மாவுக்குச் சீனி வருத்தம், குரக்கன் பிட்டு கொடுக்கலாமா?

கிளினிக்கில் ஊட்டச்சத்து நிபுணரைக் கேளுங்கள். அம்மாவின் மருந்தும் இரத்தச் சீனி அளவும் தெரியாமல் நான் சொல்லக் கூடாது.

கிருலப்பனை: எச் சுட்டி 12, நல்லதா?

எந்தத் துறை, எத்தனை ஆண்டு வேலை என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது. ஆகக் கூடுதல் மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளின் தலைப்பை அனுப்புங்கள், எதற்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.