கணினி கேள்வி–பதில்: ஃபார்மேட் செய்யாமலே வட்டின் அமைப்பை மாற்றலாமா?

கேள்வி: திருமணப் புகைப்படங்களைச் சேமிப்பதற்காக 4 டெராபைட் வட்டு ஒன்றை வாங்கி, லினக்ஸ் கணினியில் எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மேட் செய்தேன். ஒரு படம்கூட ஏற்றாத நிலையிலேயே, மொத்த அளவு 3.6 என்றும் பயன்படுத்தக் கிடைப்பது 3.4 என்றும் 'டிஎஃப்' கட்டளை காட்டுகிறது. இப்போது அதில் படங்கள் நிறைந்துவிட்டதால் மறுபடி ஃபார்மேட் செய்ய இயலாது. குறைந்த இடத்தை மீட்க வழி உண்டா? வட்டுக்குத் 'திருமணம்' என்று தமிழில் பெயரிட முடியுமா? 2007இல் ஃபார்மேட் செய்த என் பழைய எக்ஸ்ட்3 வட்டு, சில முறை இணைத்தவுடன் நெடுநேரம் சோதனையில் நின்றுவிடுகிறது. அதை நிறுத்த இயலுமா?

பதில்: மூன்றுக்கும் 'டியூன்2எஃப்எஸ்' என்ற ஒரே கட்டளை போதும். கோப்பு முறைமையின் தொடக்கத்தில், முதல் 1024 பைட்டுகளைத் தாண்டியவுடன், சூப்பர்பிளாக் எனப்படும் 1024 பைட் அளவுள்ள பகுதி இருக்கிறது. முறைமையின் பெயர், அடையாள எண், ஒதுக்கீடு, சோதனைக் கணக்கு ஆகியவை அங்குதான் எழுதப்பட்டுள்ளன. நீங்கள் கேட்கும் மாற்றங்கள் அந்தப் பகுதியில் உள்ள சில எண்களைத் திருத்துபவை என்பதால் நொடியில் முடிந்துவிடும்; படங்கள் இருக்கும் இடத்தை அவை தொடுவதேயில்லை.

முதலில் இடக் கணக்கைப் பார்ப்போம். வட்டு தயாரிப்பவர்கள் ஒரு டெராபைட்டை ஒரு இலட்சம் கோடி பைட்டுகளாகக் கணக்கிட, 'டிஎஃப்' 1024இன் மடங்குகளில் கணக்கிடுவதால், 4 என்பது 3.64 ஆகத் தெரிகிறது. இது இழப்பே அன்று. அடுத்து, 16,384 பைட்டுகளுக்கு ஒன்று வீதம் ஃபார்மேட் செய்யும்போதே இனோடுகள், அதாவது ஒவ்வொரு கோப்பைப் பற்றிய விவரங்களையும் குறித்து வைக்கும் பதிவுகள், உருவாக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் 256 பைட் என்பதால் உங்கள் வட்டில் ஏறத்தாழ 62 ஜிகாபைட் அவற்றுக்கே போயிருக்கும். இனோடுகளின் எண்ணிக்கை ஃபார்மேட் செய்யும் நேரத்தில் முடிவாகும் ஒன்றாகையால், அந்த இடத்தை எந்த டியூன்2எஃப்எஸ் கட்டளையாலும் மீட்க முடியாது. மீட்கக்கூடியது மூன்றாவது பங்குதான்: ரூட் எனப்படும் நிர்வாகிப் பயனருக்கென ஒதுக்கப்பட்ட 5 விழுக்காடு, அதாவது சுமார் 200 ஜிகாபைட்.

இந்த ஒதுக்கீடு வீணாக வைக்கப்பட்டதன்று. இயங்குதளம் இருக்கும் பிரிவு நிரம்பிவிட்டாலும், பதிவேடுகளை எழுதும் நிரல்கள் நின்றுவிடாமல், நிர்வாகி உள்ளே நுழைந்து சரிசெய்ய அது உதவுகிறது. கோப்புகள் துண்டுதுண்டாகச் சிதறுவதையும் குறைக்கிறது. ஆகவே இயங்குதளப் பிரிவில் அதைத் தொட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. படங்கள் மட்டுமே இருக்கும் வட்டில் 1 விழுக்காடு போதும். முனையத்தில் 'சூடோ டியூன்2எஃப்எஸ் -எம் 1 /டெவ்/எஸ்டிபி1' என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள். கடைசியில் வருவது உங்கள் பிரிவின் பெயர், அதை 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் சரிபார்த்த பிறகே இடுங்கள். வட்டு இணைப்பில் இருக்கும்போதே இதைச் செய்யலாம். சுமார் 160 ஜிகாபைட் உடனே கிடைக்கும்.

தமிழில் பெயரிடலாம், ஆனால் பெயருக்கு உள்ள இடம் 16 பைட்டுகள் மட்டுமே. எழுத்துகளைக் கணினியில் பதியும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் பிடிப்பதுடன், உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படுவதால், 'திருமணம்' 24 பைட் ஆகிவிடும், முழுமையாக ஏறாது. 'மணம்' என்று வைத்தால் 12 பைட்டில் அடங்கும். 'தமிழ்' என்ற சொல்லும் சரியாக 15 பைட்டில் அடங்கிவிடுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் சொல்கிறேன். பெயரிடுவதற்குப் பெரிய 'எல்' எழுத்தை இட வேண்டும். சிறிய 'எல்' இப்போதுள்ள அமைப்புகளைப் பட்டியலிட்டுக் காட்டுவதோடு நின்றுவிடும்.

எழுத்தின் இந்த வேறுபாடு பழைய வட்டில் இன்னும் முக்கியமானது. இத்தனை முறை இணைத்தபின் அல்லது இத்தனை நாள் கழிந்தபின் சோதிக்க வேண்டும் என்ற பழைய வழக்கத்தை '-சி 0 -ஐ 0' என்று சிற்றெழுத்துகளில் இட்டு நிறுத்தலாம். அதன்பின் ஆண்டுக்கு ஓரிரு முறையாவது வட்டின் இணைப்பை நீக்கிவிட்டு 'இ2எஃப்எஸ்சிகே -எஃப்' கட்டளையால் நீங்களே சோதிக்க வேண்டும். பெரிய 'ஐ' எழுத்தோ இனோட் அளவையே மாற்றுவது. அட்டவணை முழுவதையும் திருப்பி எழுதும் அந்த வேலை நடுவில் மின்சாரம் நின்றால் தரவு அழியக்கூடும். 2007ஆம் ஆண்டு வட்டில் இனோட் 128 பைட்டாக இருக்க வாய்ப்பு மிகுதி. சிறிய 'எல்' பட்டியலில் அதைக் காணலாம். 128 பைட் இனோடுகளால் 2038 ஜனவரி 19க்குப் பிந்தைய நேரத்தைக் குறிக்க இயலாது என்பதால் 256 ஆக்கும் எண்ணம் உங்களுக்கு வரலாம். அவ்வளவு பழைய வட்டில் அதைச் செய்ய வேண்டாம். புதிய வட்டில் இப்போது மீண்ட 160 ஜிகாபைட்டில் பழைய வட்டில் உள்ளவற்றை முதலில் நகலெடுத்து வைத்துவிடுங்கள்.