எடை கூடிவிடுமோ என்ற பயம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பதில் தருபவர்கள்: மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும்

கேள்வி: கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயது 19. போன வருடம் அக்கா கல்யாணத்தில், "என்ன கண்ணு, பூசினாப்புல ஆயிட்டே" என்று அத்தை சொன்னதிலிருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்தினேன். பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டுவிட்டேன். எடை நன்றாகவே குறைந்துவிட்டது, ஆனால் பயம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. தினமும் ஐந்தாறு தடவை எடை பார்க்கிறேன். சில ராத்திரிகளில் முறுக்கு, பிஸ்கட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் தின்றுவிட்டு அழுகிறேன். 3 மாதமாக மாதவிலக்கும் வரவில்லை. ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்தால் குண்டாகிவிடுவேனோ?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: முதலில் மாதவிலக்கைக் கவனியுங்கள். 3 மாதம் வராமல் இருந்தால் இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு போன்ற வேறு காரணங்கள் உண்டா என்று அவர் பரிசோதிப்பார். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதே முதல் சந்தேகம். சாப்பாடு குறையும்போது உடம்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் குறைத்துவிடும். எலும்பு வலுவேறும் வயதில் அது குறைவது நல்லதல்ல. சாப்பிடாமலே இருந்துகொண்டு மாத்திரை போட்டு மாதவிலக்கை வரவழைத்தால் இந்தக் குறை மறைந்துதான் போகும், தீராது.

ராத்திரி அடக்க முடியாமல் சாப்பிடுவது மன உறுதி இல்லாததால் அல்ல. பகல் முழுக்கப் பட்டினி போட்ட உடம்பு அப்படித்தான் கேட்கும். 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ 6 மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்து ஆராய்ந்தார். உடல்நலம், மனநலம் இரண்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். எடை கால்வாசி குறைந்ததும் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், குளிர் தாங்காமல் தவித்தார்கள். மறுபடி உணவு கிடைத்தபோது சிலரால் நிறுத்தவே முடியவில்லை. உங்களுக்கு நடப்பதில் பெரும்பகுதி பட்டினியின் வேலைதான். அதனால்தான் பயம் போகட்டும், பிறகு சாப்பிடலாம் என்று காத்திருக்கக் கூடாது என்கிறோம். சாப்பாடு முதலில் வர வேண்டும், பயம் அதன் பின்னால்தான் இறங்கும்.

எச்சரிக்கை ஒன்று. சில மாதத்தில் எடை வெகுவாகக் குறைந்தவர்களும், பல நாள் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவர்களும் திடீரென்று நிறையச் சாப்பிடத் தொடங்கக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகிய உப்புகள் சரிந்து இதயத்தைப் பாதிக்கலாம். எவ்வளவில் தொடங்குவது என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் சொல்லட்டும்.

அவர் சரி என்றதும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். 8 மணி, 11 மணி, 1.30, 4.30, 8 மணி, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். விழித்திருக்கும் நேரத்தில் இடைவெளி 4 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. பசித்தால் பார்க்கலாம் என்று விடாதீர்கள். இவ்வளவு நாள் அடக்கிய பசி சரியான நேரத்துக்கு மணி அடிக்காது. முதல் 2 வாரம் நேரம் தவறாமல் இருந்தாலே போதும். பயம் குறைவான உணவிலிருந்து தொடங்கலாம்: இட்லி சாம்பார், தயிர்சாதம், அவித்த முட்டை, சுண்டல், வாழைப்பழம், கடலை மிட்டாய்.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ராத்திரி அதிகமாகச் சாப்பிட்டதற்குத் தண்டனையாக மறுநாள் காலைச் சாப்பாட்டை விடுவார்கள். அடுத்த ராத்திரிக்கான பசி அங்கேயே தயாராகிவிடும். எது நடந்தாலும் மறுநாள் 8 மணிக்குச் சாப்பிடுங்கள்.

வயிறு உப்பினாற்போல் இருக்கும். நாள்பட்ட பட்டினியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், அதனால் இரண்டு இட்லிக்கே நிறைந்துவிடும். அது கொழுப்பு அல்ல. நேரத்துக்குச் சாப்பிட்டு வந்தால் சில வாரங்களில் குறையும்.

நேரம் பழகியபின், பயந்து ஒதுக்கிய உணவுகளை எழுதி, பயம் குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்துங்கள். வாரம் ஒன்று போதும். எண்ணெய் விட்ட தோசை முதலில் வரலாம், பரோட்டா கடைசியில் வரலாம். நம்மூர்க் கடைத் தின்பண்டமான தட்டுவடை செட்டை 4.30 மணிக்குத் தோழியோடு கடையில் நின்று சாப்பிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பதிலாக அல்ல, மதியம் சாப்பிட்டுவிட்டு. பசியோடு தனியாக அறையில் வைத்துச் சாப்பிட்டால் அது அடக்க முடியாத ராத்திரியாக மாறலாம்.

எடைக் கருவியை யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், முடிந்தால் சிகிச்சை தருபவர் முன்னால் பார்த்தால் போதும். ஒரே நாளுக்குள் எடை 1, 2 கிலோ ஏறி இறங்குவது இயல்பு. ஊறுகாயின் உப்பு, மலச்சிக்கல், மாதவிலக்குக்கு முந்தைய நீர்த்தேக்கம் எல்லாம் முள்ளைத் தள்ளும். பட்டினிக்குப் பிறகு சோறு சாப்பிட்டால் உடம்பு அதன் மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கும். கிளைக்கோஜனின் ஒவ்வொரு கிராமோடும் 3 கிராம் அளவுக்குத் தண்ணீர் சேரும். முதல் வாரத்தில் சட்டென்று ஏறும் எடையில் பெரும்பகுதி இந்தத் தண்ணீர்தான். நான்கு வார எண்களைச் சேர்த்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். குறைந்துபோன எடை திரும்ப வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். மாதவிலக்கும் தூக்கமும் படிப்பில் கவனமும் திரும்ப அந்த எடை வேண்டும்.

கண்ணாடி முன் வயிற்றைக் கிள்ளிப் பார்ப்பது, மணிக்கட்டை விரலால் வளைத்து அளப்பது, தோழிகளின் இடுப்போடு ஒப்பிடுவது எல்லாம் பயத்துக்குத் தீனி. ஒரே இடத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பெரிதாகத்தான் தெரியும். ஒரு நாள் முழுக்க எத்தனை தடவை இப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். மறு வாரம் அதைப் பாதியாக்கப் பாருங்கள். தலைவாரவும் உடை சரிபார்க்கவும் கண்ணாடி போதும். எடை திரும்பும்போது இறுக்கும் சுடிதாரை எடுத்து வைத்துவிட்டு, அப்போதைய உடம்புக்கு அளவான இரண்டு செட் தைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம், "உடம்பைப் பத்திப் பேச வேண்டாம் அத்தை, வேற பேசலாம்" என்று ஒரே வாக்கியம் சொன்னால் போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் பேச்சு நீளும்.

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காடு. விடுதியில் தங்கிப் படிக்கும் 15 வயது மகள் கோடை விடுமுறைக்கு வந்திருக்கிறாள். சாப்பிட்டதும் பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிடுகிறாள். வாந்தி எடுக்கிறாளோ என்று சந்தேகம். பையில் பேதி மாத்திரை அட்டையும் இருந்தது. கண்டிக்கலாமா?
– ஒரு தாய்

பதில்: கண்டிக்க வேண்டாம் அம்மா. கண்டித்தால் இன்னும் மறைப்பாள். சாப்பாட்டு நேரம் இல்லாத, மற்றவர்கள் இல்லாத பொழுதில், "சாப்பிட்டதும் உனக்குக் கஷ்டமா இருக்குன்னு தெரியுது கண்ணு. திட்ட மாட்டேன். ரெண்டு பேருமா டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அழைத்துப் போங்கள்.

பேதி மாத்திரை பெருங்குடலில்தான் வேலை செய்கிறது. உணவின் சத்து அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். வெளியேறுவது தண்ணீரும் உப்புகளும்தான். வாந்தியும் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். எனவே முதல் பார்வையிலேயே இசிஜி, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம், சர்க்கரை, படுத்தும் நின்றும் ரத்த அழுத்தம் எல்லாம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் ரத்தம், விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே, இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகள் நலப் பிரிவும் மனநலப் பிரிவும் உண்டு.

இந்த வயதில் குடும்பத்தை நடுவில் வைத்த சிகிச்சைக்குத்தான் ஆதாரம் அதிகம். என்ன, எவ்வளவு, எப்போது என்பதைக் கொஞ்ச காலம் பெற்றோரே முடிவு செய்வீர்கள். பேரம் கிடையாது; தட்டில் வைத்தது சாப்பிட்டு முடியும்வரை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். முடிந்தபின் ஒரு மணி நேரம் தனியாக விடாமல் தாயம் ஆடுங்கள், டிவி பாருங்கள். பாத்ரூமுக்குச் சாப்பிடும் முன்பே போய்வரச் சொல்லுங்கள். அம்மாவும் அப்பாவும் ஒரே பேச்சாக இருப்பது முக்கியம். ஒருவர் "பாதி போதும்" என்றால் அன்றைய சாப்பாடு அங்கேயே நின்றுவிடும்.

வாந்தி எடுத்துவிட்டால் உடனே பல் தேய்க்கக் கூடாது. வாந்தியின் அமிலத்தில் இளகிய எனாமல் (பல்லின் மேலுறை) தேய்ந்துபோகும். தண்ணீரில் நன்றாகக் கொப்பளிக்கட்டும், அரைமணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

விடுமுறை முடிந்ததும் விடுதிக்கு அனுப்ப வேண்டுமா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். சாப்பாட்டைப் பார்க்க அங்கே ஆள் இல்லையென்றால் கொஞ்ச நாள் வீட்டிலிருந்து படிப்பதே நல்லது.

கேள்வி: வயது 24, கொலுசுப் பட்டறையில் வேலை. இரண்டு வேளையும் ஜிம். ஒரு நாள் போகாவிட்டால் தொப்பை வந்துவிடும் என்று நடுக்கம். ஊசி போட்டால் சீக்கிரம் உடம்பு ஏறும் என்கிறார்கள்.
– வாசகர், செவ்வாய்ப்பேட்டை

பதில்: ஊசி வேண்டாம். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் ஏறினால் உடம்பு சொந்த உற்பத்தியை நிறுத்தும். விரை சுருங்கும், விந்தணு குறையும், இதயத்துக்கும் கேடு. லேபிள் இல்லாத 'கொழுப்பு கரைக்கும்' பொடிகளையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் நடுக்கமும் முதல் கடிதத்தின் பயமும் ஒன்றுதான். ஆண்கள் வெளியே சொல்வது குறைவு. தசை வளர்வது ஓய்வு நேரத்தில். வாரம் 2 நாள் முழு ஓய்வு, மற்ற நாளில் ஒரே வேளை என்று மாற்றுங்கள். ஓய்வு நாளன்று நடுக்கம் முதலில் ஏறும், பிறகு தானாக இறங்கும். அதை அடக்க வீட்டில் தண்டால் எடுத்தால் அந்தப் பாடம் கிடைக்காது. ஒரு மாதம் முயன்றும் முடியவில்லையென்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் எண் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.