சின்ன கேபினட் கம்ப்யூட்டரில் கேம் ஆட, குறைந்த செலவில் எந்த கிராஃபிக்ஸ் கார்டு போடலாம்?

கார்டு பெயரெல்லாம் அப்புறம். முதலில் கேபினட்டின் பக்க மூடியைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்கேலோடு உட்காருங்கள்.

ஆபீஸில் ஓடிக் கழிந்த ஒல்லியான கேபினட் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள், எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், 1080பி மானிட்டர், பவர் சப்ளையை மாற்ற வழியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே பெட்டிதான் என்னிடமும் இருக்கிறது, அதற்குக் கார்டு வாங்கும்போது இரண்டு தடவை சொதப்பியிருக்கிறேன். இரண்டு தடவையும் கார்டின் வேகத்தைப் பார்த்து வாங்கினேனே தவிர, என் பெட்டி எதை ஏற்றுக்கொள்ளும் என்று பார்க்கவில்லை.

முதல் சொதப்பல் கரண்ட் விஷயம். மதர்போர்டில் கார்டு செருகும் நீளமான ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், அதற்கு மேல் வேண்டுமென்றால் பவர் சப்ளையிலிருந்து 6 பின் அல்லது 8 பின் வயர் தனியாக வர வேண்டும். ஆபீஸ் பெட்டிகளில் அந்த வயர் பெரும்பாலும் இருக்கவே இருக்காது, பவர் சப்ளையும் 180 முதல் 260 வாட்டுக்குள் தான். ஜிடிஎக்ஸ் 1650 என்றால் 75 வாட், வயர் வேண்டாம் என்று படித்துவிட்டு நம்பி வாங்கினேன், வந்த கார்டின் மண்டையில் 6 பின் துளை இருந்தது! அதே பெயரில் வயர் கேட்கும் மாடலும் உண்டு, கேட்காத மாடலும் உண்டு. படத்தைப் பெரிதாக்கி ஓரத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இன்னொன்று, சில தயாரிப்பாளர்கள் இந்தச் சின்னப் பெட்டிகளில் ஸ்லாட்டுக்கு முழு 75 வாட்டையும் தருவதில்லை, அதனால் உங்கள் மாடலின் மேனுவலை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இரண்டாவது சொதப்பல் பிராக்கெட், அதாவது கார்டைக் கேபினட்டின் பின்பக்கத்தோடு திருகிப் பிடிக்கும் உலோகத் தகடு. ஒல்லிப் பெட்டிக்கு லோ புரொஃபைல் கார்டு வேண்டும், அதாவது பாதி உயரக் கார்டு. அப்படி ஒரு 1650 செகண்ட் ஹேண்டில் கிடைத்தது, சரிதான் என்று வாங்கினால் அதில் முழு உயர பிராக்கெட் மட்டுமே இருந்தது. குட்டி பிராக்கெட் எங்கே என்று கேட்டால், அது எங்கேயோ போய்விட்டது என்று விற்றவர் சாதாரணமாகச் சொன்னார். பிராக்கெட்டே இல்லாமல் வெறும் ஸ்லாட்டின் பிடியில் இரண்டு வாரம் ஓட்டினேன், ஹெச்டிஎம்ஐ கேபிள் கொஞ்சம் இழுபட்டால் போதும், திரை கறுப்பாகிவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் முதல் கேள்வியே குட்டி பிராக்கெட் இருக்கிறதா என்பதாக இருக்கட்டும்.

கார்டின் தடிமனையும் பாருங்கள். வயர் இல்லாத நல்ல கார்டுகளில் பல இரண்டு ஸ்லாட் இடத்தை அடைக்கும். சில பெட்டிகளில் நீள ஸ்லாட்டுக்குப் பக்கத்திலேயே பவர் சப்ளை சுவர் மாதிரி நிற்கும், அங்கே ஒற்றை ஸ்லாட் கார்டுதான் போகும்.

அளந்துவிட்டீர்களா? சரி, இனி பெயர்கள்.

இரண்டு ஸ்லாட் இடம் இருந்தால் என் தேர்வு ஆர்டிஎக்ஸ் 3050, அதுவும் 6 ஜிபி மாடல். இந்த '6 ஜிபி' என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 8 ஜிபி 3050 என்பது 130 வாட் கேட்கும் வேறு கார்டு, 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி மாடல் 70 வாட்டில் முடித்துக்கொள்ளும். கோர்கள் 2560-லிருந்து 2304 ஆகவும், மெமரி பாதை 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகவும் குறைந்ததால், பெயரை அப்படியே வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று அப்போது பலரும் திட்டினார்கள். திட்டியது நியாயம்தான், ஆனால் நம் மாதிரி பெட்டிக்காரர்களுக்கு அந்தக் குறைத்த மாடல்தான் சரியாகப் பொருந்துகிறது. லோ புரொஃபைலில் கிடைக்கிறது, வயர் வேண்டாம், குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டி ஃப்ரேமை ஏற்றும் டிஎல்எஸ்எஸ் வசதி இருக்கிறது. 1080பி-யில் செட்டிங்கை நடுத்தரத்தில் வைத்தால் பெரும்பாலான கேம்கள் நன்றாகவே ஓடும். இப்போது என் பெட்டியில் இருப்பதும் இதுதான். இதன் குட்டி ஃபேன்கள் வேகமாகச் சுற்றி இரைச்சல் போடும், ஃப்ரேமை நொடிக்கு 60-க்கு மேல் போகாமல் பூட்டி வைத்தால் கொஞ்சம் அடங்கும்.

ஒற்றை ஸ்லாட்தான் என்றால் பலரும் ஆர்எக்ஸ் 6400 என்பார்கள். 53 வாட், ஒல்லி, பார்க்க அழகு. ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். மதர்போர்டோடு பேச அந்தக் கார்டுக்கு நான்கே லேன்கள், அதாவது டேட்டா போய்வரும் தடங்கள். உங்கள் எட்டாம் தலைமுறை மதர்போர்டின் ஸ்லாட்டோ பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. 4.0 மதர்போர்டில் இந்தத் தடங்களுக்குக் கிடைக்கும் வேகத்தில் பாதிதான் உங்களுக்குக் கிடைக்கும். கார்டில் இருக்கும் 4 ஜிபி நிரம்பி மெயின் ரேமுக்குப் போய் வர வேண்டிய நேரத்தில்தான் அந்தக் குறுகிய பாதை கழுத்தைப் பிடிக்கும், ஓடிக்கொண்டிருக்கும் கேம் திடீரென்று திக்கும். 3050-க்கு எட்டு லேன் இருப்பதால் 3.0-விலும் பெரிதாக அடி வாங்காது. ஒற்றை ஸ்லாட்டுக்கு நான் தேடச் சொல்வது செகண்ட் ஹேண்ட் என்விடியா டி1000 (T1000). ஒர்க்‌ஸ்டேஷன் கார்டு என்பதால் கேம் ஆடுபவர்கள் கண்ணில் அதிகம் படாது, உள்ளே 1650-இல் இருக்கும் அதே 896 கோர்கள், 50 வாட்தான். போர்ட்கள் எல்லாம் மினி டிஸ்ப்ளேபோர்ட், அடாப்டர் கிடைக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்டெல் ஆர்க் ஏ380 கண்ணில் பட்டால், 6 ஜிபி இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும் வசதி) இல்லாத மதர்போர்டில் அது மிகவும் நொண்டும், பத்தாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசசர்களுக்கு அந்த வசதி அதிகாரபூர்வமாகக் கிடையாது.

ஜிடி 1030 பக்கம் போகவே வேண்டாம். அதிலும் டிடிஆர்4 மாடல். ஜிடிடிஆர்5 மாடலின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 போட்டு அதே பெயரில் விற்றதில் 16.8 ஜிபி. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது என்னவோ ஒரே பெயர்தான்.

1050 டிஐ குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஒரு காலத்தில் நல்ல கார்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் தலைமுறைக்கான கேம் டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அதோடு, பழைய கார்டின் பயாஸை, அதாவது உள்ளே எழுதியிருக்கும் அடிப்படை மென்பொருளை, மாற்றி 1050 டிஐ என்று காட்டவைத்த போலிகளும் நிறைய சுற்றுகின்றன. பின்னால் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தாலே சந்தேகப்படுங்கள். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், தெரிந்த போலியாக இருந்தால் அதுவே பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும்.

இதற்கெல்லாம் முன்னால் காசு செலவில்லாத ஒரு சோதனை உண்டு, ஏற்கெனவே ஏதாவது ஒரு கார்டு உள்ளே இருந்தால்தான் இது உதவும். கேமின் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் ஏறினால் கார்டுதான் தடை. ஏறவே இல்லையென்றால் திணறுவது பிராசசர் அல்லது ரேம், புதுக் கார்டு அதைச் சரிசெய்யாது. உங்கள் 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கும் என்று நினைக்கிறேன், அப்படியென்றால் கார்டு வாங்கும்போதே இன்னொரு 8 ஜிபி குச்சியும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இரண்டு குச்சியும் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும் டூயல் சேனல் வந்தால் கேம் நடுவில் திக்குவது நன்றாகவே குறையும்.

கார்டைப் போட்டுவிட்டு ஆன் செய்ததும் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் பதறாதீர்கள், மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டு போர்ட்டிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். நான் கார்டை மூன்று தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் அதைப் பார்த்தேன்.