வேலூர்ப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஊர்க் காரியங்களில் ஈடுபடுத்தி நல்ல குடிமக்களாக வளர்ப்பது எப்படி?

பொது இடத்தையும் பொதுச் சொத்தையும் தன்னுடையதாக நினைத்துப் பார்த்துக்கொள்பவர்தான் நல்ல குடிமகன். கடமை, உரிமை என்று பாடம் மட்டும் நடத்தினால் பரீட்சையோடு மறந்துபோகும். தன் கை பட்டு ஒன்று மாறியதைப் பார்த்த பிள்ளை மறக்காது. கிணற்றுக் கரையில் நின்று கேட்டே யாருக்கும் நீச்சல் வந்ததில்லை.

வேலூர்ப் பக்கத்துக்கு ஏற்ற முதல் வேலை மரக்கன்று. ஜூலை, ஆகஸ்டில் நட்டால் வடகிழக்குப் பருவமழை முடிவதற்குள் வேர் பிடித்துவிடும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு வேம்போ புங்கனோ போதும். சுற்றிலும் வட்டப் பாத்தி, மேலே காய்ந்த இலை மூடாக்கு, ஆடு மேயாமல் இருக்க முள்வேலி (இது பெரியவர்கள் வேலை). சின்னப் பிள்ளைகள் முழு வாளி தூக்கக்கூடாது. இரண்டு பேர் சேர்ந்து அரை வாளி.

கெடுவது எங்கே தெரியுமா? நட்ட அன்று படம் எடுப்பதோடு சரி. மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில், பள்ளி விடுமுறையில், கன்று கருகிவிடும். ஜூனில் வெறும் குச்சியைப் பார்க்கும் பிள்ளை, 'நாம் செய்வதெல்லாம் வீண்' என்றுதான் கற்றுக்கொள்ளும். அதனால் விடுமுறையில் யார் எந்த நாள் தண்ணீர் ஊற்றுவது என்று மார்ச்சிலேயே எழுதி ஒட்டுங்கள்.

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எரியாத தெருவிளக்கின் கம்ப எண்ணைக் குறித்து மனு எழுதலாம். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக்குப் பெற்றோரோடு போய்க் கொடுக்கட்டும்.

சாக்கடை அள்ளவும் கழிப்பறை கழுவவும் வைப்பதைச் சமூக சேவை என்று சிலர் நினைக்கிறார்கள். அது உள்ளாட்சியின் வேலை, பிள்ளைகளிடம் வாங்கவே கூடாது.