ஆன்லைனில் 500 ரூபாய்க்கு விற்கும் விண்டோஸ், ஆபீஸ் லைசென்ஸை நம்பி வாங்கலாமா? பாதுகாப்பாக இன்ஸ்டால் செய்வது எப்படி?

நண்பர் ஒருவர் இப்படி வாங்கி ஒரு வருஷமாகப் பிரச்சினை இல்லாமல் ஓட்டுகிறார், நானும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ நீங்கள் ஏற்கெனவே ஆர்டர் போட்டுவிட்டு, "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பதுபோலத் தெரிகிறது. அப்படிச் சொல்ல ஆள் நிறைய வருவார்கள். நான் அந்தக் கூட்டத்தில் இல்லை.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை, பி.காம். கரூரில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்து, ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து எனக்கு ஒரு பைசா கமிஷன் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், என் வாடிக்கையாளர் ஒருவரே என்னை அப்படிக் கேட்டார்.

மேஜை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஏப்ரன் எல்லாம் தைத்து ஐரோப்பாவில் உள்ள பையர்களுக்கு, அதாவது வாங்குகிறவர்களுக்கு, அனுப்புகிறவர். நல்ல மனிதர், நூல் விலையில் கிலோவுக்கு ஐம்பது காசு கூடினாலும் ஃபோன் போட்டுச் சண்டை பிடிப்பார். வருஷக் கணக்குக்கு ஃபைல் எடுக்க அவர் ஆபீஸுக்குப் போனபோது எக்ஸலில் வலது மேல் மூலையில் ஒரு பேர் தெரிந்தது. அந்தக் கம்பெனிக்கும் அந்தப் பேருக்கும் சம்பந்தமே இல்லை. அழுத்திப் பார்த்தால் ஏதோ எண்கள், அப்புறம் ஒரு கல்லூரிப் பேர் மாதிரி ஒன்று, கடைசியில் ஆன்மைக்ரோசாஃப்ட் டாட் காம். இது யாருடைய அக்கவுண்ட் என்று கேட்டேன். ஆபீஸ் பையன் பெருமையாகச் சொன்னான்: "லைஃப்டைம் ஆபீஸ் 365 மேடம், அஞ்சு டிவைஸ், ஆன்லைன்ல வாங்கினேன். வாட்ஸ்அப்லயே யூசர்நேம் பாஸ்வேர்ட் அனுப்பிட்டாங்க."

ஆபீஸ் 365 என்பது சந்தா. மாதத்துக்கோ வருஷத்துக்கோ கட்டுவது. அதில் லைஃப்டைம் என்ற சரக்கே கிடையாது. விற்கிறவர்கள் செய்வது இதுதான்: எங்கேயோ ஒரு கல்லூரிக்கோ கம்பெனிக்கோ கொடுத்த நிர்வாக அக்கவுண்டுக்குள், முறையாகவோ திருட்டுத்தனமாகவோ நுழைந்து, உங்களையும் ஒரு மாணவர் மாதிரி, ஊழியர் மாதிரி சேர்த்துவிடுகிறார்கள். நீங்கள் லாகின் செய்வீர்கள், எல்லாம் அழகாக வேலை செய்யும், ஒன் டிரைவில் தாராளமாக இடமும் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டின் சாவி உங்களிடம் இல்லை. அட்மின், அதாவது அந்த அக்கவுண்டின் நிர்வாகி, நினைத்தால் உங்கள் ஒன் டிரைவைத் திறந்து பார்க்கலாம். நினைத்தால் உங்களை நீக்கலாம்.

கம்பெனி முதலாளியான அந்த அண்ணனிடம் சொன்னேன். "பையர் விலை, காஸ்டிங் ஷீட் எல்லாம் இதுல இருக்குங்கண்ணா. அறிமுகமே இல்லாத ஒருத்தன் கையில இருக்கு." அவர் சிரித்துக்கொண்டே, "ஏன் அம்மிணி, நீ என்ன மைக்ரோசாஃப்ட் ஏஜென்டா?" என்றார். பக்கத்திலிருந்தவர்களும் சிரித்தார்கள். சரி, நம் வேலை கணக்கு என்று ஃபைலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த சீசனில், ஆர்டர் நெருக்கடியான நேரத்தில், ஒரு காலையில் அந்த அக்கவுண்ட் இல்லை என்று வந்துவிட்டது. அஞ்சு கம்ப்யூட்டரிலும். அந்தப் பையனுக்கு என்ன அதிர்ச்சி என்றால், ஃபைல் பேரெல்லாம் ஃபோல்டரில் தெரிகிறது, திறந்தால் திறக்கவில்லை. ஒன் டிரைவில் டிஸ்க் இடத்தை மிச்சம் பிடிக்க, ஃபைலை மேலேயே வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் வெறும் பேரை மட்டும் காட்டும் வசதி ஒன்று உண்டு. பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது நம் டிஸ்க்கில் இல்லை என்று அர்த்தம். அவர்களுடைய பேக்கிங் லிஸ்ட்டில் பாதி மேகமாகத்தான் இருந்தது. நீக்கிய ஆளின் ஒன் டிரைவ் சாதாரணமாக 30 நாள் வரை அழியாமல் இருக்கும். ஆனால் அதை எடுத்துக்கொடுக்க அந்த அட்மினால்தான் முடியும். அட்மின் யார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

கடைசியில் நான்தான் உட்கார்ந்தேன். பையருக்கு அனுப்பிய மெயிலில் இருந்த இணைப்புகள், என்னிடம் கணக்குக்காக வந்திருந்த காப்பிகள், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தவை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஷிப்பிங் தொடர்பானவை பெரும்பாலும் கிடைத்தன. புது டிசைன்களின் காஸ்டிங் போனது போனதுதான். அண்ணன் இப்போது ஏஜென்ட் ஜோக் சொல்வதில்லை.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த விற்பனையாளருக்கு நான் ஃபோன் செய்தேன். பேசியவர் என் குரலைக் கேட்டதும் சொன்ன முதல் வார்த்தை: "மேடம், ஃபோனை சார் கிட்ட குடுங்க, டெக்னிக்கலா பேசணும்." எந்த சார்? அந்த ரூமில் என்னைத் தவிர அட்மின் அக்கவுண்ட் என்றால் என்னவென்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இது இவருக்கு மட்டுமான வியாதியும் இல்லை. என் சொந்த அலுவலகத்துக்கு பிரிண்டர் சர்வீஸுக்கு வருகிறவர், யுபிஎஸ் பேட்டரி விற்கிறவர், வாடகை ஒப்பந்தம் போட வந்த புரோக்கர் வரைக்கும் உள்ளே வந்ததும் கண் சாரைத் தேடும். என் கணவர் பள்ளி ஆசிரியர், சாப்பாட்டு டப்பா கொடுக்க வந்தவரைப் பிடித்து ரேம் எத்தனை ஜிபி போடலாம் என்று கேட்கிறார்கள். பணம் கொடுக்கும்போது மட்டும் "மேடம், ஜிபே பண்ணிடுங்க." சரி, விடுங்கள்.

இப்போது உங்கள் கீ விஷயம். அக்கவுண்ட் விற்பது ஒரு வகை, ஆக்டிவேட் செய்யப் போடும் 25 எழுத்துக் கீ விற்பது இன்னொரு வகை. கீயில் மூன்று நான்கு சாதிகள் உண்டு. கடையில் தனி ஆளுக்கு விற்பது ரீடெயில். லேப்டாப் கம்பெனி மெஷினோடு சேர்த்துக் கொடுப்பது ஓஇஎம், அது அந்த மதர்போர்டோடு முடிந்தது. நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுப்பது வால்யூம். அதில் ஒரே கீயைப் பல மெஷினில் போடும் எம்ஏகே ஒன்று, நிறுவனத்தின் சொந்த சர்வரைக் கேட்டு ஆக்டிவேட் ஆகும் கேஎம்எஸ் ஒன்று. 500 ரூபாய்க்கு வருவதில் பெரும்பகுதி எங்கோ ஒரு நிறுவனத்தின் எம்ஏகே கீ, அல்லது பழைய மெஷினிலிருந்து கழற்றிய ஓஇஎம். நிலம் வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் யாராவது அட்வான்ஸ் கொடுப்போமா? கீ விஷயத்தில் மட்டும் "ஒர்க் ஆகுதா" என்று பார்த்தால் போதும் என்று நினைக்கிறோம்.

உங்கள் நண்பருடைய விண்டோஸ் கீ எந்த வகை என்று பார்க்க வழி இருக்கிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து எஸ்எல்எம்ஜிஆர் என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஸ்லாஷ் போட்டு எக்ஸ்பிஆர். (எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்: slmgr /xpr) தேதி காட்டினால் கேஎம்எஸ், ஒரு முறை ஆக்டிவேட் ஆனால் 180 நாள், அதற்குள் சர்வரைத் திரும்பப் பார்த்துப் புதுப்பித்துக்கொள்ளும். வீட்டு லேப்டாப் எந்தச் சர்வரைப் பார்க்கிறது என்று யோசியுங்கள், அது விற்றவன் நடத்துகிற சர்வர், அல்லது உங்கள் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் ஒரு போலி. நிரந்தரம் என்று காட்டினால் உடனே சந்தோஷப்பட வேண்டாம், திருடிய எம்ஏகே கீயும் நிரந்தரம் என்றுதான் காட்டும். எக்ஸ்பிஆருக்குப் பதில் டிஎல்ஐ என்று போட்டால் ரீடெயிலா, ஓஇஎம்மா, வால்யூமா என்று எழுதியே வரும். தனி ஆளிடம் வால்யூம் என்று வந்தால் அவ்வளவுதான். ஒரு வருஷம் ஓடியது என்பது, மைக்ரோசாஃப்ட் இன்னும் அந்தக் கீயை பிளாக் செய்யவில்லை என்பதற்கு மட்டுமே சாட்சி.

ஐரோப்பாவில் கோர்ட்டே அனுமதித்துவிட்டது என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஆமாம், 2012 ஜூலையில் யூஸ்டுசாஃப்ட், ஆரக்கிள் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், காலவரையின்றி விற்ற லைசென்ஸை வாங்கியவர் மறுபடி விற்கலாம் என்றது. அதே தீர்ப்பில், விற்கிறவர் தன் காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட வேண்டும், மொத்தமாக வாங்கிய லைசென்ஸைப் பிய்த்துப் பிய்த்து விற்கக் கூடாது என்றும் இருக்கிறது. அது அங்கே உள்ள சட்டம். இங்கே 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு: பதிப்புரிமை மீறிய சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் கோர்ட் சிறையைத் தவிர்த்து அபராதத்தோடு விடலாம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கம்பெனிப் பேரில் வாங்குகிறவர்கள் இதையும் பார்க்க வேண்டும், நான் கணக்குக்காரி, எனக்கு இதுதான் முதலில் கண்ணில் படும்.

இன்ஸ்டாலேஷன் பற்றிக் கேட்டீர்கள். ஒழுங்கான கீ என்றால் அதில் ஒரு வித்தையும் இல்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கு செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதியில் கீயை மாற்றிப் போடுவது, ஆபீஸுக்கு உங்கள் சொந்த மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து கீயைப் பதிவது, அவ்வளவே. ரீடெயில் ஆபீஸ் கீ அப்படிப் பதிந்ததும் உங்கள் பேரில் ஏறிவிடும். "மைக்ரோசாஃப்ட் தளத்தில் போடாதீர்கள், நான் அனுப்பும் டிரைவ் லிங்க்கில் இருந்து இறக்குங்கள்" என்று விற்றவர் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஆன்லைனில் ஆக்டிவேட் ஆகாமல், திரையில் வரும் நீள எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதில் எண் தருகிறேன் என்பதும், பெரும்பாலும் ஆன்லைனில் ஆக்டிவேட் செய்யும் எண்ணிக்கை தீர்ந்துபோன எம்ஏகே கீதான். எல்லாவற்றையும்விட மோசம், "எனிடெஸ்க் போடுங்க, நானே பண்ணிக் குடுக்கறேன், ஆன்டிவைரஸை மட்டும் ஆஃப் பண்ணுங்க." எனிடெஸ்க் என்பது தூரத்தில் இருப்பவர் நம் கம்ப்யூட்டரை இயக்க விடும் சாஃப்ட்வேர். நெட் பேங்கிங் இருக்கும் கம்ப்யூட்டரில் முகம் தெரியாதவனை உட்காரவைத்துவிட்டு நீங்கள் டீ குடிக்கப் போவீர்களா?

அதற்கு முன்னால் ஒன்று. லேப்டாப்பை விண்டோஸோடு வாங்கினீர்களா? அப்படியென்றால் கீ அதற்குள்ளேயே எழுதியிருக்கும். ஃபார்மட் செய்கிற கடைக்காரர் விண்டோஸ் ஹோம் பதிப்பை எடுத்துவிட்டு ஓசி புரோ பதிப்பைப் போட்டுவிடுவதால்தான் பாதிப் பேர் இல்லாத பிரச்சினைக்குக் கீ தேடுகிறார்கள். ஹோமையே மறுபடி போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

பணமில்லாதவன் என்ன செய்வான் என்று கேட்பீர்கள். நியாயம். வேர்டும் எக்ஸலும் பிரவுசரில் இலவசமாகவே இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் என்ற இலவச சாஃப்ட்வேரும் இருக்கிறது. லினக்ஸ் நண்பர்கள் அதைச் சொல்ல வரும் முன் நானே சொல்லிவிட்டேன். என் அலுவலகத்தில் இரண்டு மெஷினில் அதுதான். மேக்ரோ போட்ட பையர் ஷீட் வந்தால் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டாலி வாங்கினாலும் இதே கண்ணோடு பாருங்கள். என்னிடம் வந்த ஒரு கடைக்காரரின் லைசென்ஸ், விற்றவருடைய மெயில் ஐடியில் பதிவாகியிருந்தது. ஹார்ட் டிஸ்க் போய் வேறு கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்யப் போனால் அன்லாக் கீ அந்த மெயிலுக்குப் போகிறது. விற்றவர் தொழிலையே விட்டுவிட்டார். வாங்கிய பில் கையில் இருந்ததால் அலைந்து பேரை மாற்றினோம். அதனால் ஜிஎஸ்டி எண்ணோடு பில் தராதவரிடம் நான் எதையும் வாங்குவதில்லை. 18 சதவீதம் மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள். பதிவு உள்ள தொழிலென்றால் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். பெரிய தளத்தில் வாங்கினாலும் "விற்பவர்" என்ற இடத்தில் யார் பேர் இருக்கிறது என்று பாருங்கள். பேர் தெரிந்த தளம் என்பதற்காகக் கடையும் அவர்களுடையதாகிவிடாது.

நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கீ மட்டும்தான் வந்தது, நீங்களே போட்டீர்கள் என்றால் டிஎல்ஐ பார்த்துவிட்டு, வால்யூம் என்று வந்தால் ரீஃபண்ட் கேளுங்கள். தளம் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அக்கவுண்டாக வந்திருந்தால் ஒன் டிரைவில் இருப்பதை எல்லாம் இன்றைக்கே பென் டிரைவிலோ சொந்த அக்கவுண்டிலோ இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். விற்றவரை மெஷினுக்குள் விட்டிருந்தால் எனிடெஸ்க்கை எடுத்துவிட்டு, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்தோ ஃபோனிலிருந்தோ வங்கி, மெயில் பாஸ்வேர்டை மாற்றி, அந்த மெஷினைச் சுத்தமாக ஃபார்மட் செய்வதுதான் நல்லது. பணம் ஏதாவது போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள்.