குளிரே தெரியவில்லை என்பவர்களுக்கு

அன்புள்ள ஐயா,

வேலையில் இருந்தபோது டிசம்பர் கடைசி வார விடுமுறைக்காக ஆண்டு முழுக்கக் காத்திருப்பேன். ஓய்வு பெற்றபின் எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமை, எதற்காகக் காத்திருப்பது? காலையில் போர்வையை விட்டு எழ மனமே இல்லை. கரடி மாதிரி மூன்று மாதம் தூங்கிவிட்டு வெயில் வந்ததும் எழுந்தால் என்ன என்று மனைவியிடம் கேட்டேன், பதிலே வரவில்லை. இது வெறும் சோம்பல்தான், மற்றபடி வயதாக ஆக எனக்குக் குளிரே அவ்வளவாகத் தெரிவதில்லை. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளோடு வரும் மகள்தான் ஸ்வெட்டர், குல்லா, காலுறை என்று இப்போதே ஃபோனில் பட்டியல் போடுகிறாள். ஒரு சந்தேகம். பகல் மிகவும் குறைந்த நாள் டிசம்பர் 21 என்கிறார்கள். அதற்குப் பிறகு குளிர் குறையத்தானே வேண்டும், ஜனவரியில் ஏன் கூடுகிறது? கணக்கு எழுதியே காலம் கழித்தவன் நான், இந்தக் கணக்கு மட்டும் இடிக்கிறது.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன், எனக்குச் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. கணக்கர் என்பதால் உங்கள் வழியிலேயே சொல்கிறேன். வெயில் வரவு, பூமியிலிருந்து வெளியேறும் வெப்பம் செலவு. டிசம்பர் 21 அல்லது 22க்குப் பிறகு வரவு ஏறத் தொடங்குகிறது, ஆனாலும் இன்னும் சில வாரங்களுக்குச் செலவுதான் அதிகம். கோடையிலிருந்து நிலத்திலும் நீரிலும் சேர்ந்திருந்த கையிருப்பு அதுவரை கரைந்துகொண்டேதான் போகும். பூமி சூரியனுக்கு மிக அருகில், ஏறக்குறைய 14.7 கோடி கிலோமீட்டரில் இருப்பதும் ஜனவரி முதல் வாரத்தில்தான், ஜூலையில் அது 15.2 கோடி. வடபாதி சூரியனை விட்டு விலகிச் சாய்ந்திருப்பதால் அந்த நெருக்கம் நம் குளிருக்கு உதவுவதில்லை. சரி, அது போகட்டும்.

‘எனக்குக் குளிரே அவ்வளவாகத் தெரிவதில்லை’ என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்களே, நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அப்பா சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் இது.

ஒரு விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் போய் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. அப்பா ஒற்றைச் சட்டையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. பையை வாங்கக் கை நீட்டினார், விரல் பட்டதும் எனக்குத் திக்கென்றது. நகங்களில் நீலம் ஏறியிருந்தது. “உள்ளே வாங்கப்பா, குளிருது” என்றால், “குளிரா, எங்கே இருக்கு?” என்கிறார். அம்மா சத்தம் போட்டதும் சட்டையின் மேல் பித்தானைப் போடப் பார்த்தார். விரல் மடங்கவில்லை, இரண்டு முறை நழுவியது, அப்படியே விட்டுவிட்டார். பிடிவாதம் என்றுதான் வீட்டில் பேசிக்கொண்டார்கள். பிடிவாதமே இல்லை, அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வயதானால் நடப்பது இதுதான். குளிர்வதை உடம்பு தாமதமாகத்தான் சொல்கிறது. இளவயதில் தோலின் ரத்தக்குழாய்கள் சட்டென்று சுருங்கி உள்ளே இருக்கும் சூட்டைக் காக்கும், நடுக்கம் வந்து சூடு உண்டாக்கும். வயதாக ஆக இரண்டுமே மந்தமாகிவிடுகின்றன, தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பும் குறைகிறது. உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது ஆபத்து. அந்த நிலையில் முதலில் தடுமாறுவது சிலருக்குப் பேச்சும் நினைவும்தான், அதனால் தனக்கு என்ன ஆகிறது என்று சம்பந்தப்பட்டவருக்கே புரியாது. பக்கத்தில் இருப்பவர்கள் தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆகவே நண்பரே, குளிர் தெரியவில்லை என்பது உங்கள் உடம்பின் பலம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பேரப்பிள்ளைகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம், அவர்கள் தாத்தாவைப் பார்த்து ஸ்வெட்டரைக் கழற்றி எறிவார்கள். குளிர்கிறதா என்று உங்களையே கேட்டுக்கொண்டு உடுத்தும் வயது இது இல்லை. குளிருவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், தடிமனான ஒன்றைவிட மெல்லியதாக இரண்டு மூன்று நல்லது, நடுவில் தங்கும் காற்றே சூட்டைக் காக்கும். தண்ணீரும் அப்படித்தான். வயதாலும் தாகம் குறைகிறது, குளிராலும் குறைகிறது, தாகம் எடுக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தால் மாலைவரை ஒரு மடக்குக்கூட உள்ளே போகாது.

அப்புறம் அந்தக் கரடி. விளையாட்டாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. கரடி மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடந்தாலும் அதன் தசை பெரிதாகக் கரைவதில்லை, அதன் உடம்பு அதற்கென்றே அமைந்தது. நமக்கு அப்படியில்லை. இந்த வயதில் சில நாள் படுத்தே கிடந்தாலும் தொடையில் தசை குறையத் தொடங்கிவிடும், குறைந்தது திரும்ப வர அதைப்போல் பல மடங்கு காலமாகும். தசைதான் சூட்டையும் தருகிறது. சோம்பல் என்று சொல்லிப் படுத்தால் இன்னும் குளிரும், குளிர்கிறது என்று இன்னும் படுப்பீர்கள், கடைசியில் வெயில் வரும்போது நாற்காலியிலிருந்து எழ ஆள் தேடுவீர்கள். நாளைக் காலை எழுந்திருங்கள். வீட்டுக்குள்ளேயே நடந்தாலும் போதும், ஆனால் எழுந்திருங்கள்.

எல்லா நாளும் ஞாயிறு, எதற்காகக் காத்திருப்பது என்றதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

மகள் போட்ட பட்டியலில் எதையும் அடிக்காதீர்கள். அதோடு அறையில் மாட்ட ஒரு வெப்பமானியையும் சேர்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். குளிர் நாடுகளில் வீட்டுக்குள் 18 டிகிரியாவது இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது, முதியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படலாம். தினமும் காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து, ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கணக்கு எழுதிய கைதானே.

அன்புடன்.