எஞ்சின் பிளாக் பெயின்ட் உரிகிறதா? குறை பெயின்டில் இல்லை

எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் அடித்து இரண்டே மாதத்தில் ஃப்ரீஸ் பிளக் (பிளாக்கின் பக்கத் துளைகளை அடைக்கும் வட்ட உலோக மூடி) ஓரமாகத் தோல் தோலாக உரிகிறது என்கிறீர்கள். 'பெட்ரோலில் துடைத்துவிட்டு அடித்தேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அங்கேதான் இருக்கிறது. வார்ப்பிரும்பு பிளாக்கின் நுண்துளைகளில் எண்ணெய் ஊறிக் கிடக்கும். பெட்ரோல் அதைக் கரைத்துப் பரப்பிவிடுமே தவிர, முழுசாக எடுக்காது.

உரிந்த பெயின்டை ஒயர் பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை சுரண்டுங்கள். டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம்) போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, உடனே காற்றடித்து உலர்த்துங்கள். தாமதித்தால் கண்ணெதிரே துரு பூக்கும். கடைசியாக வெள்ளைத் துணியில் அசிட்டோன் தொட்டு, துணி வெள்ளையாகவே வரும்வரை துடைக்க வேண்டும். எனக்கு ஒருமுறை ஒன்பது துணி போனது! இதைச் செய்யும்போது பக்கத்தில் நெருப்புப் பொறி கூடாது, கதவு திறந்திருக்கட்டும்.

கேஸ்கட் (இணைப்புகளில் கசிவைத் தடுக்கும் தகடு) உட்காரும் பரப்புகள், சென்சார் துளைகள் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டுங்கள். அப்புறம் எஞ்சின் எனாமல் (எஞ்சின் சூட்டைத் தாங்கும் பெயின்ட்), மெல்லிசாக 3 பூச்சு. பூச்சுகளுக்கு நடுவே டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை மீறினால் சுருக்கம் விழும்.

பிளாக் 100 டிகிரி செல்சியஸ் பக்கம்தான் சுடும், எனாமல் தாங்கிவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து சூடான புகையை வெளியே எடுத்துச்செல்லும் குழாய்த் தொகுதி) மட்டும் அதை அடிக்காதீர்கள், கருகிவிடும்.